ஓடும் ரயிலில் நெட் நின்றுபோனால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னை எழும்பூரில் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் பயணியின் கைபேசி ஒரு செல்லை, அதாவது டவரின் அலை எட்டும் ஒரு பகுதியை, விட்டு அடுத்த செல்லைப் பற்றிக்கொள்ளும் வேலையை நூறு முறைக்கும் மேல் செய்து முடித்திருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே நடந்துவிடுகின்றன. தவறிப்போகும் சில இடங்களில்தான் பேச்சு அறுகிறது, படம் நிற்கிறது, அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததா என்று மனம் பதைக்கிறது. சாலையிலும் தண்டவாளத்திலும் சிக்னலை அளந்துகொண்டே செல்லும் டிரைவ் டெஸ்ட் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: பயணத்தில் வரும் தடைகள் அனைத்தையும் ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் பலரும் தவறான மருந்தைத் தேடுகிறார்கள். எது நின்றது, எந்த இடத்தில் நின்றது, அடுத்த பயணத்திலும் அதே இடத்தில் நிற்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால், பழுது கைபேசியிலா, பெட்டியிலா, கூட்டத்திலா, நெட்வொர்க்கிலா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. ரயில் வேகமாகப் போவதால் அலை கலைந்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயிலில், 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை டாப்ளர் விளைவால், அதாவது நகர்வதால் ஏற்படும் மாற்றத்தால், ஏறத்தாழ 183 ஹெர்ட்ஸ் மட்டுமே விலகும். 4ஜியில் தகவலைப் பிரித்துச் சுமக்கும் துணை அலைகளுக்கு இடையே 15,000 ஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் இந்த விலகல் அதில் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும்படிதான் 4ஜி வகுக்கப்பட்டிருக்கிறது. வேகம் செய்யும் கெடுதல் வேறு வகையானது. அதே ரயில் ஒரு நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் நகர்வதால், 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு செல்லை 100 நொடிகளுக்குள் கடந்துவிடுகிறது. கைமாற்றம், அதாவது ஹேண்டோவர், நடப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பிழை தேடத் தொடங்கும் முன் திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை விட்டுவிட்டு எண்களைப் பார்க்கப் பழக வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும், ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்து அழைப்புப் பொத்தானை அழுத்தினாலும் சோதனைப் பக்கம் திறக்கும். திறக்காத கைபேசிகளுக்கு நெட்மான்ஸ்டர் போன்ற செயலிகள் உதவும். அதில் இரண்டு அளவுகள் போதும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைச் சொல்கிறது: -90 டிபிஎம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நன்று, -110க்குக் கீழே போனால் பலவீனம், -120ஐ நெருங்கினால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது அந்த அலை இரைச்சலிலிருந்து எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்பதைச் சொல்கிறது: 15க்கு மேல் இருந்தால் தெளிவு, 0க்குக் கீழே போனால் குழப்பம். சந்தைக்குள் நிற்பவரிடம் ஒருவர் உரக்கப் பேசினாலும் சொல் விளங்காமல் போவதுபோல, முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது எண் கெட்டுப்போவது பயணத்தில் மிகச் சாதாரணமாக நடப்பது.

அறிகுறி: கோடுகள் நிறைய இருந்தும் நெட் நகரவில்லை

இதுவே அதிகம் கேட்கப்படும் குறை. காரணங்களும் இதற்குத்தான் அதிகம். ரயில் ஒரு நிலையத்தை விட்டுக் கிளம்பிய அடுத்த நிமிடத்தில் இது நேர்ந்தால், திரையின் மேல் ஓரத்தில் வைஃபை குறி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு ஒருமுறை நிலையத்தின் இலவச வைஃபையில் இணைந்திருந்த கைபேசி, அதைக் கண்டதும் தானாகவே மீண்டும் இணைந்துகொள்ளும். ரயில் நகர்ந்தபின் தேய்ந்துபோன அந்த இணைப்பை விடவும் மனமில்லாமல், டேட்டாவுக்கு மாறவும் முடியாமல் சிறிது நேரம் தவிக்கும். வைஃபையை அணைத்தால் போதும், ஐந்து நொடியில் நெட் வந்துவிடும். அடிக்கடி பயணம் செய்பவர்கள் அந்த வைஃபையின் பெயரில் ‘தானாக இணை’ என்ற தேர்வையே நீக்கிவிடலாம்.

வைஃபை இல்லாத நிலையில் எஸ்ஐஎன்ஆர் எண்ணைப் பாருங்கள். அது 0க்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று டவர்களின் அலைகள் ஒரே இடத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பொருள். இதற்குப் பயணி செய்யக்கூடியது எதுவும் இல்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் அந்த இடம் கடந்துபோகும், அதற்குள் கைபேசியை அணைத்து ஏற்றுவது நேர விரயமே. எஸ்ஐஎன்ஆர் 10க்கு மேல் நன்றாக இருந்தும் நெட் மெதுவாக நகர்ந்தால், காரணம் கூட்டமாக இருக்கக்கூடும். மூன்றடுக்கு ஏசி பெட்டி ஒன்றில் மட்டும் 72 படுக்கைகள் உள்ளன. இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளோடு வரும் ரயில், வயல்வெளி நடுவே சில ஊர்களுக்காக நிறுத்தப்பட்ட ஒரு டவரின் எல்லைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைபேசிகளை ஒரே வீச்சில் கொண்டுவந்து கொட்டுகிறது. கிராசிங்குக்காக வண்டி நிற்கும்போது இந்த நெரிசல் நீடிக்கும். அப்போது படத்தின் தரத்தை 360 அல்லது 240க்கு இறக்குவது பயன் தரும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்வது ஏற்கெனவே நெரிந்து நிற்கும் வரிசையில் புதிய கோரிக்கைகளைச் சேர்ப்பதாகவே முடியும்.

இரண்டு எண்களும் நன்றாக இருந்து, அருகில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிம்மில் நெட் வந்து, உங்களுக்கு மட்டும் ஒரு பைட்டும் நகராவிட்டால் இணைப்பின் உள்நிலை சிக்கிக்கொண்டிருக்கிறது. ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பத்து நொடி காத்திருந்து எடுத்தால் கைபேசி நெட்வொர்க்கில் புதிதாகப் பதிந்து புதிய இணைப்பைப் பெறும். உடனே போட்டு உடனே எடுப்பது பல நேரங்களில் பலன் தருவதில்லை, பழைய பதிவு முழுமையாக விலகுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். முழு ரீஸ்டார்ட் தேவைப்படுவது அரிது. இந்தப் பத்து நொடி வழியே போதுமான இடத்தில் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அது ஏறி வரும்வரை ஓடிபிக்காகக் காத்திருந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுகிறது

பேச்சின்போது அடுத்த டவருக்கு மாறும் முடிவைக் கைபேசி எடுப்பதில்லை. கைபேசி சுற்றியுள்ள செல்களை அளந்து அறிக்கை அனுப்பும். அதைப் பார்த்து நெட்வொர்க்தான் ‘இந்தச் செல்லுக்கு மாறு’ என்று கட்டளை இடும். பழைய செல்லின் அலை திடீரென்று சரிந்தால், கட்டளை வந்து சேரும் முன்பே பிடி விட்டுப்போய்விடும். பாலத்தைக் கடந்து மலைவெட்டுக்குள் நுழையும் இடங்களிலும், மேம்பாலத்திலிருந்து இறங்கி உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே திரும்பும் இடங்களிலும் இப்படி நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். பிடி விட்ட கைபேசி ஓரிரு நொடிக்குள் வேறு செல்லில் இணைப்பைப் புதுப்பிக்க முயலும். மறுமுனையில் குரல் கேட்கவில்லை என்றவுடன் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிவிட்டு நாமே துண்டித்துவிடுகிறோம். ஐந்து நொடி பொறுத்தால் குரல் திரும்பி வருவது உண்டு.

அழைப்பு அறுவது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நடந்தால், முதலில் கைபேசியின் சிம் அமைப்பில் வோல்ட்டி அழைப்பு, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் ஒரே இடத்தில் அறுந்தால் அது நெட்வொர்க்கின் பழுது. அந்த இரண்டு டவர்களில் ஒன்று மற்றதைத் தன் அண்டைச் செல்லாகப் பட்டியலில் வைத்திருக்காமல் போயிருக்கலாம், அல்லது நடுவில் அலை எட்டாத பள்ளம் இருக்கலாம். முதல் வகைப் பழுதை நாங்கள் டிரைவ் டெஸ்டில் பலமுறை கண்டிருக்கிறோம்: எஸ்ஐஎன்ஆர் மெல்ல 12, 7, 1, -4 என்று இறங்கும், வலுவான புதிய செல் ஒன்று அளவுத் திரையில் கண்ணெதிரே தெரிந்துகொண்டே இருக்கும், கட்டளை மட்டும் வராது, பிறகு அழைப்பு அறும். அலுவலகத்தில் ஒருவர் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தால் தீரக்கூடிய பழுது அது. ஆனால் இடத்தைக் குறிப்பிட்டு யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இடத்தை எப்படிக் குறிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: சாதாரண அழைப்பு தெளிவாக இருக்கிறது, வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் கரகரக்கிறது

இது பழுதே அல்ல. வோல்ட்டி அழைப்புக்கு நெட்வொர்க் தனிப் பாதை ஒதுக்கி முன்னுரிமை தருகிறது. வாட்ஸ்அப் அழைப்பு, பெட்டியில் உள்ள எல்லோருடைய வீடியோக்களோடும் பொதுப் பாதையில் முண்டியடித்துக்கொண்டு போகிறது. ஓட்டத்தில் முக்கியமான பேச்சு இருந்தால் சாதாரண அழைப்பையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: அழைப்பு வந்தவுடன் நெட் நின்றுவிடுகிறது

பேசத் தொடங்கியதும் திரையில் 4ஜி என்ற குறி மறைந்து ‘ஈ’ அல்லது ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து தோன்றினால், வோல்ட்டி இயங்கவில்லை. பேசுவதற்காகக் கைபேசி 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கியிருக்கிறது. பேசி முடித்தபின்னும் அது 4ஜிக்குத் திரும்பாமல் 2ஜியிலேயே தங்கிவிட்டால் முன்பு சொன்ன பத்து நொடி ஏரோபிளேன் மோடே மருந்து.

இரண்டு சிம் போட்டிருப்பவர்களுக்கு வேறு காரணம் உண்டு. பெரும்பாலான இரட்டை சிம் கைபேசிகளில் ஒரு சிம்மில் பேசும்போது மற்றொரு சிம்மின் டேட்டா நிறுத்திவைக்கப்படும், ஏனெனில் உள்ளே இருக்கும் ரேடியோவை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. சிம் அமைப்பில் ‘அழைப்பின்போது டேட்டாவை மாற்று’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் பேசும் சிம்மின் டேட்டாவைக் கைபேசி தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சிம்மிலும் டேட்டா திட்டம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஏசி பெட்டிக்குள் மட்டும் சிக்னல் படுத்துவிடுகிறது

துருப்பிடிக்காத எஃகு உடலும், திறக்க முடியாத இரட்டைக் கண்ணாடியும், அதன்மேல் ஒட்டிய படலமும் அலையைத் தடுக்கின்றன. ஒருமுறை நடுப் படுக்கையில் கைபேசி -108 என்று காட்டியது. எழுந்து பெட்டியின் கோடியில், மூடிய கதவுக் கண்ணாடி அருகே சென்றபோது அதே நிமிடத்தில் -94 காட்டியது. 14 டெசிபல் வேறுபாடு என்றால் வந்து சேரும் ஆற்றல் 25 மடங்கு கூடுகிறது. ஜன்னலோரம் கைபேசியைக் கண்ணாடிக்கு நெருக்கமாக வைப்பதே இதற்கு எளிய வழி. நான்கு பேர் குடும்பமாகச் செல்லும்போது, ஜன்னலில் வைத்த ஒரு கைபேசியிலிருந்து மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் தருவது இன்னும் நல்லது. திறந்த கதவருகே நின்று வெளியே கையை நீட்டிச் சிக்னல் தேடுவதை எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். கைபேசி தவறினால் புதிது வாங்கலாம், கால் தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த வேலையில் தண்டவாளத்தோரம் நடந்தவர்கள் அறிவார்கள்.

அறிகுறி: 5ஜி வருகிறது, போகிறது, ஒவ்வொரு முறையும் நெட் திக்குகிறது

இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவையின் பெரும்பகுதி வேகம் 3500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் கிடைக்கிறது. அந்த அலை 850 அல்லது 900 மெகாஹெர்ட்ஸ் அலையைப்போல நெடுந்தொலைவு போவதுமில்லை, சுவர்களை எளிதாகத் துளைப்பதுமில்லை. நகரத்தை விட்டு வெளியேறும்போது 5ஜி தீவுகளாக வந்து வந்து மறையும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு திணறல் இருக்கும். செங்கல்பட்டைத் தாண்டும்போதே சிம் அமைப்பில் ‘விருப்ப நெட்வொர்க்’ என்பதை 4ஜிக்கு மாற்றிவிட்டு, ஊர் சேர்ந்தபின் 5ஜிக்குத் திரும்புவது என் வழக்கம். வேகச் சோதனையில் எண் குறையும் என்பது உண்மையே. ஆனால் பயணத்தில் 200 எம்பிபிஎஸ் வந்து அறுவதைவிட 8 எம்பிபிஎஸ் அறாமல் ஓடுவது மேல்.

அறிகுறி: டவர் இருக்கும் ஊர் வந்தபின்னும் ‘சேவை இல்லை’

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. நீண்ட நேரம் எந்த டவரும் கிடைக்காமல் தேடிய கைபேசி, பேட்டரியைக் காப்பதற்காகத் தேடும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். ஆகவே வெளியே வந்ததும் உடனே சிக்னல் தெரியாது. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் தேடல் அந்த நொடியே தொடங்கும்.

இன்னொரு காரணம் பலர் கவனிக்காதது. தனுஷ்கோடி போன்ற கடலோர முனைகளில் இலங்கையின் நெட்வொர்க் எட்டிப்பார்ப்பது உண்டு. சர்வதேச ரோமிங் கட்டணத்துக்கு அஞ்சி நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றுவார்கள், மாற்றுவதும் சரியே. பிறகு அதை மறந்துவிட்டு வேறு மாநிலத்துக்குப் போகும்போது கைபேசி அந்த ஒரே பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். தேர்வு தானியங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்குள் மட்டும் பயணம் செய்பவர்கள் சர்வதேச ரோமிங்கை மூடிவைத்தாலே கட்டணக் கவலை தீரும்.

‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று திரை காட்டினால், உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லை, வேறு நிறுவனத்தின் டவர் இருக்கிறது என்பது பெரும்பாலும் பொருள். அந்த நிலையிலும் அவசர உதவி எண்ணான 112க்கு அழைக்கலாம். இதை வீட்டில் உள்ள முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பது அவசியம்.

அறிகுறி: யுபிஐயில் பணம் கழிந்தது, ‘நிலுவையில்’ என்றே நிற்கிறது

கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வரும் நேரத்தில் இணைப்பு அறுந்திருக்கும். இந்த நிலையில் செய்யக்கூடாத ஒன்று, உடனே இரண்டாம் முறை அனுப்புவது. இணைப்பு வந்தபின் செயலியின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து நிலையைப் பாருங்கள், வங்கியின் குறுஞ்செய்தியையும் பாருங்கள். குறுஞ்செய்திக்கு டேட்டா வேண்டியதில்லை என்பதால் நெட் வராத இடத்திலும் அது வந்து சேரக்கூடும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்த கால வரம்பின்படி, கழிந்த தொகை பெறுபவர் கணக்கில் சேராவிட்டால் தனிநபருக்கு அனுப்பியது அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது ஐந்து நாட்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நடைமேடைக் கடைகளில் வண்டி கிளம்பும் நேரத்தில் பணம் அனுப்பித் தவிப்பதைத் தவிர்க்க, சிறு தொகையைக் கையில் ரொக்கமாக வைத்திருப்பதே நல்ல வழி, விற்பவருக்கும் அதுவே நிம்மதி.

அறிகுறி: கைபேசி சுடுகிறது, பேட்டரி கரைகிறது

டவர் தொலைவில் இருக்கும்போது கைபேசி தன் முழுச் சக்தியில், அதாவது ஏறத்தாழ 200 மில்லிவாட்டில், கத்த வேண்டியிருக்கிறது. -115க்குக் கீழே நீண்ட பாதை வரும் என்று தெரிந்தால் அந்த அரை மணி நேரம் ஏரோபிளேன் மோடில் வைத்துவிடலாம். பெரும்பாலான கைபேசிகளில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதால், முன்பே தரவிறக்கிய வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடம் தெரியும். டிக்கெட்டையும் கிளம்பும் முன்பே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் ஓயாமல் அறுந்தால்: புகாரில் எழுத வேண்டியவை

‘விழுப்புரம் பக்கம் சிக்னல் வரவில்லை’ என்று எழுதும் புகாரால் யாருக்கும் பயனில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு நானே அப்படி ஒன்றை எழுதி, ‘உங்கள் பகுதியில் சேவை சீராக உள்ளது’ என்ற பதிலைப் பெற்றேன். மின்மயமான தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும்: மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் வரிசை எண். அடுத்த இரண்டு பயணங்களில் அழைப்பு அறுந்தவுடன் ஜன்னல் வழியாகத் தெரிந்த கம்பத்தின் எண்ணைக் குறித்தேன்; இரண்டு முறையும் வேறுபாடு அரை கிலோமீட்டருக்குள் இருந்தது. அந்த எண், நாள், மணி, ரயிலின் திசை, அறுவதற்கு முன் திரையில் இருந்த செல் அடையாள எண், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், ஸ்கிரீன்ஷாட் இரண்டு ஆகியவற்றோடு மீண்டும் எழுதியபோது பொறியாளர் ஒருவரே திரும்ப அழைத்துப் பேசினார். இரவில் கம்பம் தெரியாது. அப்போது வரைபடச் செயலியில் இருப்பிடத்தை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துக்கொள்ளலாம்.

புகாரை முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் பதிந்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு சரியில்லை என்றால் அந்த எண்ணைக் காட்டித்தான் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத்தர ஒழுங்குமுறை, தொழில்நுட்ப வாரியான பரவல் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் இடம் அந்த வரைபடத்தில் 4ஜி உள்ள பகுதியாக வண்ணமிடப்பட்டிருந்தால், அதன் படத்தையும் கம்பத்தின் எண்ணையும் ஒரே கடிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.